நண்பர் பருத்தால் நாமும் பருப்போமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்ஹாம் என்றோர் ஊர். இதய நோயின் காரணங்களைக் கண்டறிய 1948-இல் அங்கே தொடங்கிய ஆய்வு தலைமுறை தாண்டியும் நடக்கிறது. பரிசோதனைக்கு வந்தவர்கள் வீடு மாறிப் போனால் தேடிப் பிடிக்க வேண்டுமே என்று, நெருங்கிய நண்பரின் பெயரையும் எழுதி வாங்கி வைத்தார்கள். அந்தத் தாள்கள்தான் பிற்பாடு புதையலாயின.

நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டு 12,067 பேரின் உறவு வலையை வரைந்து, 32 ஆண்டு எடைக் கணக்கோடு பொருத்தினார்கள். 2007-இல் வெளியான முடிவு உலகையே பேச வைத்தது: நண்பர் பருமனானால் நமக்கும் அந்த வாய்ப்பு 57 சதவீதம் கூடும். கணவன் மனைவிக்குள்கூட 37 சதவீதம்தான். நண்பர் வெளியூரில் இருந்தாலும் விளைவு குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பருத்தாலோ ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் பரவுவது சாப்பாடு அல்ல, ‘இவ்வளவு எடை இருந்தால் பரவாயில்லை’ என்ற எண்ணம் என்றார்கள்.

எதிர்ப்பும் உடனே வந்தது. 2008-இல் இரு பொருளாதார அறிஞர்கள் இதே பாணியில் கணக்குப் போட்டு, முகப்பருவும் தலைவலியும் ஏன், உயரமும்கூட நண்பர்களிடையே ‘பரவுவதாக’க் காட்டினார்கள். உயரம் எங்கே தொற்றும்? ஒத்த குணமுள்ளவர்கள் தாமாகவே சேர்வதையும், ஒருவர் மற்றவரை மாற்றுவதையும் பிரித்தறிவது அவ்வளவு கடினம்.

என்றாலும் கிறிஸ்டாகிஸ் குழு 2010-இல் தொற்றுநோய்க் கணிதத்தையே பருமனுக்குப் பொருத்தியது. யாருடைய தூண்டுதலும் இன்றி ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 2 பேர் பருமனாகிறார்கள். பருமனான நண்பர் ஒவ்வொருவருக்கும் அந்த வாய்ப்பு அரை சதவீதப் புள்ளி அளவு ஏறுகிறது. பருமனானவர்களில் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் பேர் மீள்கிறார்கள். உள்ளே வருகிறவர்களும் வெளியேறுகிறவர்களும் சமமாகும் இடத்தில் எண்ணிக்கை நின்றுவிடும். அமெரிக்காவில் அது குறைந்தது 42 சதவீதம், எட்டச் சுமார் 40 ஆண்டு ஆகும் என்றது கணிப்பு.

நண்பர்களை அடியோடு நீக்கிவிட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கு நான்கு என்ற விகிதத்தில் மூன்றில் ஒருவர் அப்போதும் பருமனாகத்தான் இருப்பார். ஆக, நட்பின் பங்கு ஏறக்குறைய 9 புள்ளிதான். பெரும்பங்கு அந்த 2 சதவீதத்தில் இருக்கிறது. 1970-களிலிருந்து அதுவும் ஏறிக்கொண்டே வந்ததாக அதே ஆய்வு சொல்கிறது. மலிவான சர்க்கரைப் பானமும், நாள் முழுக்க நாற்காலியில் கழியும் வேலையும் ஒளிந்திருப்பது அங்கேதான் என்பேன். நண்பரைக் குற்றம் சொல்வது சுலபம், உணவு வணிகத்தைக் கேள்வி கேட்பதுதான் கடினம்.

2017-18 அரசுக் கணக்கெடுப்பில் அமெரிக்கப் பெரியவர்களின் பருமன் விகிதம் 42.4 சதவீதம். நாற்பது ஆண்டு ஆகும் என்ற எண்ணை சுமார் எட்டே ஆண்டுகளில் எட்டிவிட்டார்கள்.