கெடு வைத்த சான்றிதழ்

பி.ஏ. பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை. கம்ப்யூட்டர் துறைச் சான்றிதழ்களின் ஜாதகமே வேறு! மருந்துப் புட்டியைப் போல் அவற்றில் பலவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு.

ஆதியில் எல்லாமே இப்படி இல்லை. கம்ப்யூட்டர் பழுது பார்ப்போருக்காக 'காம்ப்டியா' என்ற அமெரிக்கச் சங்கம் 1993-ல் 'ஏ பிளஸ்' சான்றிதழைத் தொடங்கியது. 2010 முடிய அதில் தேறியவர்களுக்கு அது சாசுவதம். 2011 ஜனவரி முதல் தேறியவர்களுக்கோ மூன்றே வருஷம்! சாதனங்கள் மாறிக்கொண்டே இருக்க, பழைய பாடம் எத்தனை நாள் செல்லும்?

மைக்ரோஸாப்ட் இன்னும் கண்டிப்பு. ஆரம்பச் சான்றிதழுக்குக் கெடு இல்லை. அதற்கு மேற்பட்ட படிகளுக்கு ஒரே வருஷம். ஆனால் கருணையும் உண்டு. கெடுவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே புதுப்பிப்புத் தேர்வு எழுதலாம். கட்டணம் கிடையாது, வீட்டிலேயே, புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். முன்னதாகத் தேறினாலும் நஷ்டமில்லை. பழைய கெடுவிலிருந்துதான் அடுத்த வருஷக் கணக்கு.

ஒரு நாள் தப்பினாலோ, பணம் கட்டி மறுபடியும் பழைய பரீட்சைதான்!

வீட்டில் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர் இருக்கிறாரா? காலண்டரில் அந்தத் தேதியை இன்றே குறித்து வையுங்கள்.