ஆறு வயதுக்கு எதற்கு வீட்டுப்பாடம்?

ராத்திரி எட்டரை மணி. கூடத்தில் டைரி விரிந்து கிடக்கிறது. ஒன்று முதல் நூறு வரை எழுத வேண்டும். ‘க’ வரிசை இரண்டு தடவை. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் கையெழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அறுபத்தெட்டில் தூங்கி விழுகிறது. அம்மா முதலில் கெஞ்சுகிறார். பிறகு ஸ்கேலைக் கையில் எடுக்கிறார். கடைசியில் பென்சிலைத் தானே வாங்கி, பிள்ளையின் எழுத்தைப் போலவே கோணல்மாணலாக எழுதி முடித்து வைக்கிறார். மறுநாள் அந்தப் பக்கத்தில் ‘டிக்’ விழும். எழுதியது யார் என்று பள்ளியும் கேட்காது, வீடும் சொல்லாது.

ஊருக்கு ஊர் நடக்கும் இந்தக் கூத்து நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறது. சிபிஎஸ்இ பள்ளிகள் என்சிஇஆர்டி பாடநூல்களையே பயன்படுத்த வேண்டும் என்று வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் 2018 மே 29 அன்று பிறப்பித்த உத்தரவு நூல் பிரச்சினையோடு நிற்கவில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்றது. புத்தகப் பையின் எடையையும் விடவில்லை. பிள்ளைகள் பளுதூக்குபவர்கள் அல்லர் என்று கடிந்துகொண்டது.

அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் இதையே எல்லா மாநிலங்களுக்கும் அறிவுறுத்தலாக அனுப்பியது. இரண்டாம் வகுப்பு வரை மொழியும் கணக்கும் தவிர வேறு பாடம் கூடாது என்றும் அதில் இருந்தது. 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை இன்னும் விரிவாகப் பேசியது. மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ வரை. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வாரத்துக்கே இரண்டு மணி நேரத்துக்குள். வாரத்துக்கு! பல வீடுகளில் ஒரே ராத்திரியில் தீர்ந்துபோகும் கணக்கு அது.

அப்படியும் டைரி நிரம்பி வருகிறதென்றால், பள்ளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நோட்டு காலியாக இருந்தால் முதலில் பதறுவது பெற்றோர்தான். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலின்போதும் இதே பதற்றம் எழுந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி கிராமங்களில் நடத்திய முறையைப் பார்த்து வடிவமைத்தது அது. தரையில் உட்கார்ந்து அட்டைகளை வைத்துப் படித்த பிள்ளைகளைப் பார்த்து, “எழுதவே வைக்க மாட்டேங்கறாங்களே” என்றார்கள் வீட்டில். 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பாட்டு, ஆட்டம், கதை, அட்டை எல்லாம் உண்டு. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் பிரித்து, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ற பயிற்சி தருகிறார்கள். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிழையின்றி வாசிக்கவும் எளிய கணக்குப் போடவும் வர வேண்டும் என்பது இலக்கு. பெற்றோர் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது “எத்தனை பக்கம் எழுதினான்?” என்பதை அல்ல, “இப்போது எந்த நிலையில் இருக்கிறான், அடுத்த நிலைக்குப் போக எது தடை?” என்பதைத்தான்.

கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பு; குழந்தைப் பருவம் நெடுக ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு உருவாக ஒன்பது, பத்து வயதுக்கு மேலும் ஆகலாம். அந்தக் கையைப் பழக்க ஏட்டை விட அடுக்களை நல்ல இடம். சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, கோலப்பொடியை விரல் நுனியில் பிடித்து இழுப்பது, பூத்தொடுப்பது எல்லாமே பென்சில் பிடிக்கும் விரல்களுக்கான பயிற்சிதான்.

எழுத்து கற்பதில் வீடு செய்யும் ஒரு தவற்றை ஆசிரியர்கள் அடிக்கடி சொல்வதுண்டு. வகுப்பில் ‘க’ என்பதை அதன் ஒலியாலேயே சொல்லித் தருகிறார்கள். வீட்டில் தாத்தா ‘கானா, டானா’ என்று எழுத்தின் பெயரைப் பழக்குகிறார். பிள்ளை ‘கடல்’ என்ற சொல்லைப் பார்த்து ‘கானா, டானா, இல்லு’ என்று வாசித்து முழிக்கிறது. தாத்தாவின் முறை தவறென்று சொல்ல முடியாது. அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் படித்தார்கள். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் கலக்கினால் குழம்புவது பிள்ளை. 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பித்த பிறகுதான் சொல்லுக்குப் போக வேண்டும் என்பதும் இல்லை. தன் பெயரில் உள்ள எழுத்து, பேருந்துப் பலகையில் உள்ள ஊர்ப் பெயர், பிஸ்கெட் உறையில் தெரிந்த எழுத்து ஒன்று, இவற்றைக் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லலாம்.

கணக்கில் தமிழ் ஒரு கை கொடுக்கிறது, ஓர் இடத்தில் காலையும் வாருகிறது. பதினைந்து என்ற சொல்லிலேயே பத்தும் ஐந்தும் இருக்கின்றன. அதனால் இடமதிப்பு காதிலேயே கேட்கிறது. அதே காரணத்தால் சில பிள்ளைகள் பதினைந்தை 105 என்று எழுதும். அது மந்தம் அல்ல; கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுத்தால், ஒரு கட்டும் ஐந்து குச்சியும் என்று தானே சரிசெய்துகொள்ளும். தொண்ணூற்றில்தான் சிக்கல். எண்பதுக்கு அடுத்த பத்து நூற்றின் பெயரைத் தாங்கி வருகிறதே என்று பிள்ளை திகைத்தால், தமிழே அங்கே முறை மாறுகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். பரணில் பல்லாங்குழி கிடந்தால் இறக்குங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. எத்தனை கொட்டை வேண்டும் என்று கேட்பதே அன்றைய கணக்கு.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் தங்களால் எதுவும் ஆகாது என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கதை சொல்ல எழுத்து வேண்டாம். வகுப்பில் கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, நடுவில் “அப்புறம் ஏன் அந்த நரி ஓடிச்சு?” என்று கேட்கவும் எழுத்து வேண்டாம். ஆங்கில வழிப் பள்ளிகள் சில, வீட்டிலும் ஆங்கிலமே பேசச் சொல்கின்றன. தங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பெற்றோர் பேச முயன்றால், “கம்”, “ஈட்”, “சிட்” என்று பேச்சு கட்டளைகளாகச் சுருங்கிவிடும். நன்றாகத் தெரிந்த மொழியில் நிறையப் பேசும் பிள்ளைக்கு இன்னொரு மொழியும் எளிதில் வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவும், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றே சொல்கிறது.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. ஏழு மணிக்கு வேன் வரும் வீட்டில் பத்து மணி வரை எழுதவைத்தால் கணக்கு உதைக்கும்.

எல்லாம் செய்தும் பிள்ளை பின்தங்குகிறதா? முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. உலகமே அப்படித்தான் என்று நினைத்திருக்கும். அரசுப் பள்ளிகளுக்கு வரும் தேசிய குழந்தைகள் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் இதைக் கேட்கலாம். எழுத்தைத் திருப்பிப் போடுவது ஆறு வயதில் சகஜம். எட்டு வயதைத் தாண்டியும் அது நீடித்து, வாயால் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளை வாசிக்க மட்டும் திணறினால், கற்றல் குறைபாடாக இருக்கலாம். டியூஷனை இரட்டிப்பாக்கினால் அது தீராது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மதிப்பீட்டுக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையோ அரசு மருத்துவமனையையோ நாடலாம். முறையான சான்று இருந்தால், பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும்.

அடிக்கும் ஆசிரியர், வகுப்பில் ‘மக்கு’ என்று பெயர் வைக்கும் ஆசிரியர் இருவருமே சட்டத்தை மீறுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. 28-ஆவது பிரிவின்படி ஆசிரியர் தனியாக டியூஷன் நடத்தக் கூடாது. “எங்கிட்ட டியூஷனுக்கு அனுப்புங்க” என்ற அன்பான அழைப்பும் அதில் அடங்கும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய், அடுத்தடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். பெற்றோரை அழைத்துப் பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்வது ஆசிரியரின் கடமை என்கிறது 24-ஆவது பிரிவு. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே. மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் போய்க் கேள்வி கேட்பது பிள்ளையின் பெயரால் கிடைத்த உரிமை.

பிரச்சினை என்றால் முதலில் வகுப்பாசிரியரிடம், தனியாக, பிள்ளை இல்லாதபோது பேசுவது நல்லது. பாதிச் சண்டைகள் அங்கேயே முடியும். அடுத்து தலைமையாசிரியர், அதற்கும் மேல் தொடக்கப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் வழிகாட்டுதல் கேட்கலாம். அடி, துன்புறுத்தல் என்றால் தாமதிக்காமல் 1098. கல்வி உரிமைச் சட்டப்படியான குறை என்றால், 32-ஆவது பிரிவின்கீழ் எழுத்து மூலம் தரும் புகாரை அதிகாரி மூன்று மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். புகாரில் நாள், வகுப்பு, நடந்தது என்ன என்பதை மட்டும் எழுதி, டைரிப் பக்கத்தின் நகலை இணைத்து, தங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் எப்போது முடிகிறது என்று பின்னால் கேட்க அந்தத் தேதிதான் கையில் இருக்கும்.