ஆப் காட்டாத பாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போன வாரம் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு கோட் எழுதிட்டு இருந்தேன். ஆப் பாட்டுக்குப் பாட்டு போட்டுட்டே இருந்துச்சு. ஒரு மணி நேரம் கழிச்சுதான் உறைச்சுது, எத்தனை பாட்டு மாறுச்சுன்னே எனக்குத் தெரியல. எல்லாமே ஒரே பாட்டு மாதிரி இருந்துச்சு. பாடினவங்க மேல தப்பு இல்ல. தேடுற வேலையை நான் ஆப்கிட்ட விட்டுட்டேன்.

ஆப் எப்படிப் பாட்டு பரிந்துரைக்குது? முக்கியமான ஒரு டெக்னிக் கொலாபரேட்டிவ் ஃபில்டரிங். பேருதான் பெருசு, விஷயம் சிம்பிள். நீங்களும் நானும் ஒரே பத்துப் பாட்டு கேட்டிருக்கோம்னு வைங்க. நீங்க பதினொண்ணாவதா ஒண்ணு கேட்டா, அது எனக்கும் பிடிக்கும்னு சிஸ்டம் கணக்கு போடும். சரி, இன்னும் யாருமே கேக்காத பாட்டு? கணக்கு போட டேட்டாவே கிடையாது. இதைத்தான் நாங்க ‘கோல்ட் ஸ்டார்ட்’ பிரச்சினைன்னு சொல்லுவோம். பாட்டோட ஒலியை அலசிப் பாக்குற வழியும் இருக்கு. ஆனா அது பெரும்பாலும் நீங்க ஏற்கெனவே கேட்ட சத்தத்துக்குப் பக்கத்துலயேதான் சுத்தும்.

இதுல காசும் இருக்கு. 2024-லேர்ந்து ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு முந்தின 12 மாசத்துல குறைஞ்சது 1,000 தடவை ஓடியிருந்தாத்தான் அதுக்கு ராயல்டி. 900 தடவை ஓடினா? சைபர். பெரிய படப் பாட்டுக்கு 1,000 ஒரு கணக்கே இல்ல. பெட்ரூம்ல ரெக்கார்ட் பண்றவங்களுக்கு அது ஒரு மலை.

நான் இப்போ பண்றது ஒண்ணே ஒண்ணுதான்: கிரெடிட்ஸ் படிக்கிறேன். பிடிச்ச பாட்டுல யார் எழுதினா, யார் இசை, யார் கூடப் பாடினான்னு பாத்து, அந்தப் பேரைப் பிடிச்சுட்டுப் போறேன்.

ஒரு உதாரணம். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில சென்னை கீழ்ப்பாக்கத்துல முதல் மேடை ஏறினாங்க. பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கின குழு. கானா, ராப், ராக் மூணும் ஒரே மேடையில. இப்போ டென்மா பேரைப் பிடிங்க. அவரோட முந்தின பேண்ட் ‘குரங்கன்’. அதுல கூட இருந்தவர் கபேர் வாசுகி. அவரோட ‘அழகு புரட்சி’ ஆல்பத்துக்குப் போனா, தானே எழுதித் தானே பாடுற வேறொரு உலகம். திரும்பி கலெக்டிவுக்கே வாங்க. அங்க பாடின அறிவு, ஆஃப்ரோவோட சேர்ந்து 2019-ல ‘தெருக்குரல்’னு ஒரு ஹிப் ஹாப் ஆல்பம் பண்ணாங்க. நாலே பேரு, அதுக்குள்ள எத்தனை வகை இசை பாருங்க!

பிடிச்சிருந்தா சும்மா கேட்டுட்டுப் போயிடாதீங்க. முழுசாக் கேளுங்க, சேவ் பண்ணுங்க, உங்க ப்ளேலிஸ்ட்ல போடுங்க. அந்த சிஸ்டத்துக்கு இல்லாத டேட்டா அதுதான். அடுத்த ஆளுக்கு அந்தப் பாட்டு போய்ச் சேர்றதுக்கு நீங்கதான் ஸ்டார்ட்.

கையில காசு இருந்தா பேண்ட்கேம்ப்ல ஆல்பத்தையே வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில அவங்க வழக்கமா எடுக்குற பங்கு 15 சதவீதம். 2020 மார்ச்ல ஆரம்பிச்ச ‘பேண்ட்கேம்ப் ஃப்ரைடே’ நாட்கள்ல அதையும் விட்டுக்கொடுக்குறாங்க.

இந்த வார ஹோம்வொர்க்: உங்களுக்குப் பிடிச்ச ஒரு பாட்டோட கிரெடிட்ஸைத் திறங்க. தெரியாத ஒரு பேரைத் தேடுங்க. என்ன கிடைச்சுதுன்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்!