சிக்கு, என் தாளைப் பார்க்கலாமா?

மலேசியாவில் 2021-இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். ரத்தானது. மறு ஆண்டே படிவம் மூன்றின் பி.டி.3-உம் போனது. பிள்ளைகள் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியது என்று எல்லாரும் மூச்சு விட்டோம். அது இறங்கிய இடம் ஆசிரியரின் மேசை. முன்பு யூ.பி.எஸ்.ஆர். தாளுக்குப் புள்ளி போட்டவர் யாரென்றே தெரியாது. இன்று படிவம் ஐந்தில் எஸ்.பி.எம். தேர்வு வரும்வரை பிள்ளையின் தரத்தைப் பெரும்பாலும் சொல்பவர், பிள்ளைகள் 'சிக்கு' என்று அழைக்கும், அன்றாடம் வகுப்புக்கு வரும் ஆசிரியர்தான்.

எஸ்.பி.எம். முடிவில் சந்தேகம் வந்தால் 30 நாளுக்குள் கட்டணம் கட்டித் தேர்வு வாரியத்திடம் மறுபரிசீலனை கேட்கலாம். பள்ளியில் ஆசிரியர் போடும் புள்ளிக்கு, நேரில் போய் வாயைத் திறந்து கேட்பதுதான் முதல் வழி.

சாஆ போன்ற ஊர்களில் அந்த வாய்தான் திறப்பதில்லை. லாபிஸுக்கும் யோங் பெங்குக்கும் நடுவே உள்ள இந்தச் சிற்றூரைச் சுற்றிச் செம்பனைதான். வெட்டிய குலையை 'காய்' என்று ஒதுக்கினால், வெட்டியவர் சும்மா இருக்கமாட்டார். "எந்தக் குலைங்க? காட்டுங்க" என்பார். பழம் உதிர்ந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார். சம்பளத்தில் பிடித்தம் ஆயிற்றே! அதே மனிதர், மகள் வரலாற்றுப் பாடத்தில் ஆறு படிகளில் மூன்றாவதான டி.பி.3 வாங்கி வந்தால், "சிக்கு போட்டா சரியாத்தான் இருக்கும், நீ ஒழுங்கா படி" என்று பேச்சை முடித்துவிடுவார். குருவை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற பழக்கம் ஒரு பக்கம். மலாய் இடைநிலைப்பள்ளியின் அலுவலகத்தில் போய் நின்று பேசத் தயக்கம் இன்னொரு பக்கம்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியரின் பெயரைப் போட்டுக் கிழிப்பார்கள். அதுவும் போதாமல் 'ஒய்.பி.' எனப்படும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போய் மனுக் கொடுப்பார்கள். வடிகால் அடைத்தாலும் ஒய்.பி., பிள்ளைக்குப் புள்ளி குறைந்தாலும் ஒய்.பி.! இப்படிச் செய்தால் ஆசிரியர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். தாளை மறுபடி திறந்து பார்க்கும் மனம் அவருக்கு வராது.

ஆசிரியர் தவறலாம் என்று சொல்வது அவருக்கு இழுக்கல்ல. 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஆங்கிலப் பாடத்தின் விடைத்தாள் ஒன்றைப் படியெடுத்துப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். 142 பேர் திருத்தித் தந்தார்கள். ஒருவர் 64 போட்ட அதே தாளுக்கு இன்னொருவர் 98 போட்டிருந்தார். இத்தனைக்கும் அவர்களுக்கு அந்தப் பிள்ளையின் முகமே தெரியாது. முகம் தெரிந்த வகுப்பில், நாற்பது பிள்ளைகளின் பயிற்சிகளை இரவில் திருத்தும் ஆசிரியரின் கண்ணுக்கு ஒரு பக்கம் தப்பிப்போவது நடக்கக்கூடியதே.

அப்படித் தப்பியதைக் கண்டுபிடிக்கத் தாளைத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர் முதலில் தன் விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, பிறகுதான் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்கிறார். விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமை என்று 2011-இல் இந்திய உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த வரிசைதான் சரி. முதலில் தாளைப் பார்க்க வேண்டும், பிறகு பேச வேண்டும்.

நம் மலேசியாவில் தாளோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் கல்வி அமைச்சு வெளியிட்ட டி.எஸ்.கே.பி. என்ற ஆவணம் இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும். டி.பி.1 முதல் டி.பி.6 வரை எந்தப் படிக்கு என்ன செய்துகாட்ட வேண்டும் என்று அதில் தலைப்புவாரியாகப் போட்டிருக்கும். அதை வாசித்துவிட்டுப் போகும் பிள்ளை, "ஏன் குறைச்சீங்க?" என்று கேட்காது. "போலே சாயா தெங்கோக் கெர்தாஸ் சாயா, சிக்கு? பஹாகியான் மானா சாயா கூராங்?" என்று, தாளைப் பார்க்கலாமா, எந்த இடத்தில் குறைகிறேன் என்றுதான் கேட்கும். இதற்குக் கோபப்படும் ஆசிரியர் அரிது. கேட்க வேண்டியவர் பிள்ளைதான். படிவம் மூன்று, நான்கு வந்த பிள்ளைக்கு அம்மா வந்து பேசத் தேவையில்லை. வகுப்பு நடக்கும்போது கேட்காமல், முன்கூட்டி நேரம் கேட்டு, பயிற்சி நூலையும் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும். ஆசிரியர் விளக்கியபின் அவர் போட்டதே சரி என்று தெரிந்தால், நன்றி சொல்லிவிட்டு வரவும் தெரிய வேண்டும். அப்போதும் தீராவிட்டால் பாடக்குழுத் தலைவர், துணைத் தலைமையாசிரியர் என்று படிப்படியாகப் போகலாம்.

இதையெல்லாம்விட நம் பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது புறப்பாடத்தில் என்பது என் எண்ணம். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ. என்ற சேர்க்கை முறை வழியாக விண்ணப்பித்தால் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு மூன்றிலும் வருகை, பதவி, பங்கேற்ற நிலை, அடைவு என்று பார்த்துப் பொறுப்பாசிரியர் புள்ளி பதிகிறார். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு மதியப் பயிற்சி முடிந்து வீடு திரும்பப் பேருந்து இல்லை. வருகைப் பதிவில் ஓட்டை விழுகிறது. மாவட்டப் போட்டியில் ஓடியதற்கான சான்றிதழ் வீட்டு அலமாரியில் தூங்குகிறது. ஆசிரியர் கைக்கு நகல் போகாததால் 'பள்ளி நிலை' என்றே பதிவாகிறது. இதில் ஆசிரியரின் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. காகிதம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். மிகச் சுலபமாகத் திருத்தக்கூடிய புள்ளியும் இதுதான், ஆண்டு முடிவதற்குள் கேட்டால்.

ஆகவே பெற்றோரே, நவம்பர்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே சான்றிதழ்களை நகலெடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, தன் வருகையும் பதவியும் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.