பிபிஐ பணம் இனியும் கிடைக்குமா?

பிரிட்டனில் 2010-க்கு முன்பு லோன், கிரெடிட் கார்டு, மோர்கேஜ் என்று ஏதாவது எடுத்தவரா நீங்கள்? அல்லது உங்கள் அப்பா, அம்மா எடுத்தார்களா? அப்படியானால் அந்தக் கடனோடு ஒரு காப்பீடும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதன் பெயர்தான் பிபிஐ. அந்த நாட்டில் 6 கோடியே 40 லட்சம் பிபிஐ பாலிசிகள் வரை விற்கப்பட்டன. பெரும்பாலானவை 1990-க்கும் 2010-க்கும் இடையில் விற்கப்பட்டவை.

பிபிஐ என்றால் என்ன? கடன் தவணைக்கான காப்பீடு. நீங்கள் நோயில் படுத்தாலோ, விபத்தில் சிக்கினாலோ, வேலை போனாலோ, கடனின் மாதத் தவணையைக் கொஞ்ச காலத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் கட்டும். யோசனையில் குற்றமில்லை. விற்ற விதத்தில்தான் கோளாறு.

என்ன கோளாறு? சொந்தக் கடை வைத்திருப்பவரிடம் வேலையிழப்புக் காப்பீட்டை விற்றார்கள். அவர் எந்த முதலாளியிடமிருந்து வேலை இழப்பார்? ஏற்கெனவே முதுகுவலிக்கு மருந்து எடுப்பவரிடம், முன்பே இருக்கும் நோய்க்குப் பணம் தராத பாலிசியை விற்றார்கள். “இதையும் எடுத்தால்தான் லோன் கிடைக்கும்” என்று சிலரிடம் சொன்னார்கள். சிலருடைய படிவத்தில் ‘வேண்டும்’ என்ற கட்டத்தில் டிக் முன்பே விழுந்திருந்தது. லண்டனுக்கு வந்த நம்மவர்களில் முதல் தலைமுறையினர் பலர், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள். இந்த வகை விற்பனைக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்.

“மாதம் சில பவுண்ட்தானே, அதற்கா இவ்வளவு பேச்சு?” என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்டில் 100 பவுண்ட் பாக்கிக்கு மாதம் 80 பென்ஸ் பிபிஐ என்று வைத்துக்கொள்வோம். 2,000 பவுண்ட் பாக்கி இருந்தால் மாதம் 16 பவுண்ட், வருடத்துக்கு 192 பவுண்ட். அதுவும் பாக்கியோடு சேர்ந்து, அதற்கும் கார்டு வட்டி ஓடும்.

லோன்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒற்றைப் பிரீமியம் (முழுக் காலத்துக்கான காப்பீட்டுத் தொகையை முதல் நாளே கடனோடு சேர்த்துவிடுவது) என்ற முறை இருந்தது. பிளெவின் வழக்கு என்று பின்னாளில் பெயர் பெற்ற வழக்கைப் பாருங்கள். 2006-ல் ஒரு கல்லூரி விரிவுரையாளர் 34,000 பவுண்ட் கடன் வாங்கினார். பிபிஐக்கு 5,780 பவுண்டைக் கடனிலேயே சேர்த்துவிட்டார்கள். கடனை அடைக்கப் பத்து ஆண்டுகள். காப்பீடு ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும். அந்த 5,780-ல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது 1,630 பவுண்ட். மீதியைத் தரகரும் கடன் கொடுத்த நிறுவனமும் கமிஷனாகப் பிரித்துக்கொண்டன. அதாவது 71.8 சதவீதம் கமிஷன். அதை அந்தப் பெண்மணியிடம் யாரும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய கமிஷனை மறைத்ததே கடன் உறவை நியாயமற்றதாக்குகிறது என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில் தீர்ப்பளித்தது. இன்றும் பிபிஐ பற்றி யாராவது வழக்குப் போடுகிறார் என்றால், அதற்குக் காரணம் இந்தத் தீர்ப்புதான்.

வங்கிகள் சும்மா பணத்தைத் திருப்பித் தந்தனவா? இல்லை. முதலில் நீதிமன்றத்துக்குப் போய், 2011 ஏப்ரலில் தோற்றன. அதற்குப் பிறகுதான் பணம் இறங்கியது. எல்லாமாக 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

அப்படியானால் நானும் இப்போது புகார் கொடுக்கலாமா? வழக்கமான வழியில், பெரும்பாலும் முடியாது. நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏ என்ற அமைப்பு 2019 ஆகஸ்ட் 29-ஐக் கடைசி நாளாக வைத்தது. நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேக்கரின் தலையை இயந்திரப் பொம்மையாகச் செய்து, டிவியில் கத்தவிட்டு விளம்பரம் செய்தார்கள். அந்த நாளோடு வங்கிக்கு எழுதி, மறுத்தால் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன் என்ற இலவசக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகும் வழி மூடிவிட்டது.

விதிவிலக்கே இல்லையா? சில உண்டு. கடுமையான நோய் போன்ற அசாதாரணக் காரணத்தால் அந்த நாளைத் தவறவிட்டவர், காரணத்தை ஆவணத்தோடு காட்டி வங்கியைக் கேட்டுப் பார்க்கலாம். 2017 ஆகஸ்ட் 29-க்குப் பிறகு விற்கப்பட்ட பாலிசிக்கு இந்தக் கெடு பொருந்தாது. பாலிசியை ஒழுங்காகத்தான் எடுத்தீர்கள், ஆனால் நோய் வந்து பணம் கேட்டபோது மறுத்துவிட்டார்கள் என்றால் அது வேறு வகைப் புகார். அதற்கும் இந்தக் கெடு இல்லை.

மற்றவர்களுக்கு மிச்சம் இருப்பது நீதிமன்ற வழி. 2019 கெடு புகார்களுக்குத்தான், வழக்குக்கு அல்ல. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி வழக்கின் காலக்கெடு ஆறு ஆண்டுகள். எந்த நாளிலிருந்து ஆறு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் தெளிவாக்கியது.

முதல் தீர்ப்பு கிரெடிட் கார்டு பற்றியது. பிபிஐ கட்டுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாலும், அந்தக் கார்டு கணக்கு நடப்பில் இருக்கும் வரை கடன் உறவு தொடர்கிறது. கணக்கு முடிந்த நாளிலிருந்துதான் ஆறு ஆண்டுகள் ஓடத் தொடங்கும். 2003-ல் எடுத்த கார்டை இன்னும் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் வழக்குக்கு இன்னும் உயிர் இருக்கலாம்.

இரண்டாவது தீர்ப்பு, கமிஷனை வேண்டுமென்றே மறைத்த கடன்களுக்கு. அந்த வழக்கில் பிபிஐ பிரீமியம் 3,834 பவுண்ட் 24 பென்ஸ். காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது 182 பவுண்ட் 50 பென்ஸ். 95 சதவீதத்துக்கு மேல் கமிஷன்! கடன் வாங்கியவர் இதைக் கண்டுபிடித்த, அல்லது முயன்றால் கண்டுபிடித்திருக்கக்கூடிய, நாளிலிருந்துதான் ஆறு ஆண்டுகளை எண்ண வேண்டும் என்றது நீதிமன்றம். ‘முயன்றால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். “நாடே பிபிஐ பற்றிப் பேசியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்றுதான் வங்கியின் வக்கீல் முதலில் கேட்பார்.

இன்னும் சில வேலிகளைத் தாண்ட வேண்டும். 2008 ஏப்ரல் 6-க்கு முன்பே அடைத்து முடித்த கடனுக்கு, நியாயமற்ற கடன் உறவு பற்றிய இந்தச் சட்டப் பிரிவு உதவாது. வீட்டின் மீது எடுத்த வழக்கமான முதல் மோர்கேஜும் இதற்குள் வராது. “முழுத் தீர்வாக ஏற்கிறேன்” என்று கையெழுத்துப் போட்டு முன்பே பணம் வாங்கியவர்கள் அதை மறுபடி திறப்பதும் கடினம்.

எனக்கு பிபிஐ இருந்ததா என்று எப்படிப் பார்ப்பது? பழைய ஸ்டேட்மென்டுகள் மாடியிலோ அலமாரியிலோ இருந்தால் எடுங்கள். ‘பிபிஐ’ என்றே எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘பேமென்ட் கவர்’, ‘லோன் புரொடெக்‌ஷன்’, ‘அக்கவுன்ட் கவர்’, ‘ஏஎஸ்யூ’ என்றெல்லாம் வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். மாதாமாதம் கொஞ்சம் மாறிக்கொண்டே வரும் ஒரு சின்னத் தொகை கார்டு ஸ்டேட்மென்டில் தெரிந்தால், அந்த வரியின் பெயரைப் படியுங்கள்.

காகிதம் ஒன்றும் இல்லையா? வங்கிக்கே எழுதிக் கேளுங்கள். உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். பெயர், பிறந்த தேதி, அப்போது இருந்த முகவரிகள், தெரிந்தால் கணக்கு எண், இவை போதும். பிரீமியத்தில் எத்தனை சதவீதம் கமிஷனாகப் போனது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இன்று வழக்கின் உயிர்நாடி அந்த எண்தான். ஒன்றை எதிர்பார்த்தே இருங்கள்: பழைய பதிவுகளை வங்கி அழித்திருக்கவும் கூடும். உங்களிடமும் காகிதம் இல்லாவிட்டால், அத்தோடு விட்டுவிடுவதே நல்லது.

இறந்துபோன பெற்றோரின் கடன் என்றால்? அவர்களுடைய சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு சட்டப்படி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் கேட்க முடியும்.

வழக்குக்கு வக்கீல் வேண்டுமா? 10,000 பவுண்ட் வரையிலான கோரிக்கை பெரும்பாலும் சிறு வழக்குப் பிரிவில் நடக்கும். தோற்றாலும் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு பொதுவாக உங்கள் தலையில் விழாது. ஆனால் நீதிமன்றக் கட்டணம் உண்டு, அலைச்சலும் உண்டு. என் கருத்து இது: கமிஷன் எண்ணைக் கையில் வாங்கும் வரை, வழக்கு நடத்தித் தருகிறோம் என்று வரும் யாரோடும் ஒப்பந்தம் போடாதீர்கள். அந்த எண் வந்த பிறகு இலவச ஆலோசனை தரும் ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ அலுவலகத்தில் காட்டுங்கள். வழக்கு நிற்குமா என்பது அப்போதுதான் தெரியும்.

ஏற்கெனவே பிபிஐ பணம் வாங்கியவர்களில் பலர் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. வங்கி கொடுத்த தொகையில் மூன்று பங்கு உண்டு: நீங்கள் கட்டிய பிரீமியம், அதற்கு ஓடிய வட்டி, அந்தப் பணம் உங்களிடம் இல்லாமல் போன காலத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீதத் தனி வட்டி. இந்தக் கடைசிப் பங்கில் 20 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 900 பவுண்ட் வட்டி என்றால் 180 பவுண்ட் வரி.

அந்த 180-ஐத் திரும்ப வாங்க முடியுமா? பலரால் முடியும். 2016 ஏப்ரல் முதல், அடிப்படை விகிதத்தில் வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்ட் வரை சேமிப்பு வட்டிக்கு வரி இல்லை. அதற்கு அடுத்த விகிதத்தில் இருப்பவருக்கு 500. ஆர்40 என்ற படிவத்தை வரித்துறைக்கு நீங்களே இலவசமாக அனுப்பலாம். பணம் வந்த வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகளுக்குள் அனுப்ப வேண்டும். 2019, 2020-ல் பணம் வாங்கியவர்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. பிந்தி வாங்கியவர்கள் கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். இதைச் செய்து தருகிறோம் என்று வரும் நிறுவனங்களிடம் கவனமாக இருங்கள். வரிப் பணம் நேராகத் தங்களுக்கே வரும்படி உரிமையை எழுதி வாங்கிக்கொண்ட நிறுவனங்கள் இருந்தன. 2023 மார்ச் 15 முதல் அப்படி எழுதிக்கொடுப்பது செல்லாது என்று சட்டம் வந்தது.

“உங்கள் பெயரில் 3,000 பவுண்ட் பிபிஐ பணம் காத்திருக்கிறது, 150 பவுண்ட் முன்கட்டணம் கட்டுங்கள்” என்று தொலைபேசி வந்தால்? வைத்துவிடுங்கள். பணம் தர வேண்டிய எந்த வங்கியும் அதற்கு முன்பணம் கேட்காது. குறுஞ்செய்தியாக வந்தால் 7726 என்ற எண்ணுக்கு அனுப்பிவிட்டு அழியுங்கள். பேசியவர் தமிழில் அன்பாகப் பேசினார் என்பது எதற்கும் சான்று அல்ல.

பிபிஐ உங்களுக்கு இல்லாவிட்டாலும், கார் லோன் இருந்திருக்கலாம். கார் விற்ற டீலருக்குக் கடன் நிறுவனம் கொடுத்த மறைமுகக் கமிஷன் பற்றிய சர்ச்சை இப்போது நடக்கிறது. வட்டியை ஏற்றினால் கமிஷனும் ஏறும் என்ற முறையை எஃப்சிஏ 2021 ஜனவரியில் தடை செய்தது. 2007 ஏப்ரல் 6 முதல் 2024 நவம்பர் 1 வரையிலான ஒப்பந்தங்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை 2025 அக்டோபரில் அது முன்மொழிந்தது. இதிலும் இடைத்தரகர்கள் விளம்பரத்தோடு வந்துவிட்டார்கள். உங்கள் கார் கடன் ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள்; எஃப்சிஏ தளத்தில் இன்றைய நிலையைப் பாருங்கள்; கடன் கொடுத்த நிறுவனத்துக்கு நீங்களே நேராக எழுதுங்கள். அதற்கு ஒரு பென்னி கூடச் செலவில்லை.