கடல் இல்லாத ஊரில் கடற்கரை

ஐப்பசியில் கல்பாத்தித் தேர். வெளியூர் உறவினர்கள் வருவார்கள். தேர் பார்த்துவிட்டு, குழந்தைகளோடு மலம்புழா போவார்கள். அங்கே 1955இல் கட்டி முடித்த அணை இருக்கிறது. பூந்தோட்டம் உண்டு. கேளிக்கைப் பூங்காவும் உண்டு. சிலர் இரவு விடுதியில் தங்குவார்கள்.

பாலக்காட்டில் கடல் இல்லை. ஆனால் சுற்றுலா ஊர்களில் சில விடுதிகள் கடற்கரை போலவே குளம் கட்டுகின்றன. கரையில் மணல் இருக்கும். தரை சரிவாக இறங்கும். முதலில் கணுக்கால் அளவு தண்ணீர். நாலு எட்டு வைத்தால் ஆழம்.

குளத்தின் ஓரத்தில் ஆழம் எழுதியிருக்கும். அதைப் படியுங்கள். 1.2 மீட்டர் என்றால் ஏறக்குறைய 4 அடி. ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் சுமார் மூன்றரை அடிதான்! தலை மூழ்கிவிடும்.

மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. மூச்சே விட முடியாதபோது எப்படிக் கூப்பிடும்? காற்றடைத்த வளையத்தை நம்பாதீர்கள். அது கவிழ்ந்துவிடும். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று இருந்தால் யாருமே பார்க்க மாட்டார்கள். பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். முறை வைத்து மாறிக்கொள்ளலாம்.

அறைச் சாவி வாங்கும்போதே கேளுங்கள்: "குளத்தில் காவலர் உண்டா? எத்தனை மணி வரை?"