இலவம்பஞ்சு மெத்தையும் இடுப்பு வலியும்

இலவம்பஞ்சு மெத்தை என்பது இலவ மரத்தின் காய்களிலிருந்து கிடைக்கும் பஞ்சைத் துணி உறையில் அடைத்துத் தைக்கப்படும் படுக்கை ஆகும். தேனி மாவட்டத்தில் உள்ள போடிநாயக்கனூர், இப்பஞ்சு வணிகத்துக்கும் மெத்தை, தலையணை தயாரிப்புக்கும் பெயர் பெற்ற ஊர். கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே உள்ள அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் இடுப்பு வலி வந்த ஒருவருக்குப் பொதுவாக இரண்டு யோசனைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, வெறுந்தரையில் பாய் விரித்துப் படுப்பது. மற்றொன்று, நல்ல இலவம்பஞ்சு மெத்தை வாங்குவது. ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது.

வேலையும் வலியும்

முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் நடவு செய்பவர்கள் நாள் முழுதும் குனிந்தே நிற்கின்றனர். திராட்சைப் பந்தலில் வேலை செய்பவர்கள் கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி அண்ணாந்து நிற்கின்றனர். இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் செல்பவர்கள் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து மலைப்பாதையில் குலுங்கிச் செல்கின்றனர். இவை அனைத்தும் கீழ்முதுகைச் சோதிக்கும் வேலைகளே. 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் பாதிக்கப்பட்டிருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரும்பாலானோருக்கு இந்த வலிக்கு எலும்பிலோ நரம்பிலோ குறிப்பிட்ட ஒரு நோயைக் காரணமாகக் காட்ட முடிவதில்லை. கீழே சொல்லப்படுவன இவ்வகை வலிக்கே பொருந்தும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு மெத்தை என்பது பல நாள் சம்பளம். ஆகவே தவறான மெத்தையை வாங்கினால் வலி மட்டுமல்ல, கடனும் மிஞ்சும்.

எவ்வளவு கெட்டி வேண்டும்

முதுகு வலிக்குக் கெட்டியான படுக்கையே மருந்து என்று மருத்துவர்களும் நெடுங்காலம் சொல்லி வந்தனர். 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கெட்டி மெத்தையும், மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுக்கப்பட்டன. 1 என்பது மிகக் கெட்டி, 10 என்பது மிக மென்மை என்ற அளவுகோலில் முதல் வகை 2.3, இரண்டாம் வகை 5.6. 90 நாள்களுக்குப் பின், நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கையிலும் எழும்போதும் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது.

காரணம் எளிது. முதுகெலும்பு நேர்கோடு அன்று. இடுப்புக்கு மேல் உள்வளைவு உண்டு. கல் போன்ற படுக்கையில் தோளும் பிட்டமும் மட்டும் பதிய, இடுப்பு அந்தரத்தில் நிற்கிறது. மிக மென்மையான மெத்தையிலோ, உடலின் கனமான பகுதியாகிய இடுப்பு உள்ளே புதைந்து முதுகு தொட்டில் போல வளைகிறது. தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் நேர்வதும் இதுவே. அந்தக் கட்டிலில் படுத்து வலி கண்டவர் தரைக்கு மாறியதும் சுகம் காண்பதில் வியப்பில்லை. தரை நல்லது என்பதைவிடக் கட்டில் கெட்டது என்பதே அதன் பொருள்.

பஞ்சின் இயல்பு

இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று அடைந்த ஒரு குழாய். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. இந்த மிதக்கும் தன்மையால்தான் ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளில் இதை அடைத்தனர். இழை குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் பருத்தியைப் போல நூற்க வராது. எனவே அடைப்புப் பொருளாகவே பெரிதும் பயன்படுகிறது. பழம் என்று நம்பிக் காத்திருந்த கிளிக்குக் கிடைத்த ஏமாற்றம் பழமொழியாயிற்று. மெத்தை தைப்பவருக்கு அந்த ஏமாற்றமே பிழைப்பு.

இம்மெத்தை உடல் சூட்டை உறிஞ்சிவிடும் என்று கூறி விற்பவர்கள் உண்டு. காற்று அடைந்த இழை வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் இதை அப்படியே ஏற்க இயலாது. வியர்வை ஊறித் தங்குவது குறைவு என்பதே இதன் உண்மையான நன்மை.

இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாள்தோறும் இடுப்பு அழுத்தும் இடத்தில் பஞ்சு அமுங்கி, சில காலத்தில் நடுவில் பள்ளம் விழுகிறது. பள்ளம் விழுந்த இலவம்பஞ்சு மெத்தைக்கும் தொய்ந்த கட்டிலுக்கும் முதுகைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை. எனவே பஞ்சை நெருக்கமாக அடைத்து, இடையிடையே தையல் போட்டு வாங்க வேண்டும். அடிக்கடி வெயிலில் காயவைத்து, தலைமாடு கால்மாடு மாற்றிப் போட வேண்டும். பள்ளம் தெரிந்தால் பிரித்துப் பஞ்சை அடித்து மீண்டும் நிரப்பலாம். ரப்பர் நுரை மெத்தையில் இந்த வசதி இல்லை. பஞ்சு எளிதில் தீப்பற்றும் என்பதால் கொசுவர்த்தியும் விளக்கும் படுக்கையிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும்.

வாங்கும் முன்

'ஆர்த்தோ' என்று உறையில் அச்சிட்டிருப்பது விற்பனைச் சொல். அது மருத்துவரின் சீட்டு ஆகாது. கடையில் கையால் அமுக்கிப் பார்ப்பதும் போதாது. வழக்கமாகப் படுக்கும் நிலையில் கால் மணி நேரமாவது படுத்துப் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை விடும்போது தாராளமாகப் போய் வந்தால் மெத்தை கெட்டி. நுழையவே சிரமப்பட்டால் மிக மென்மை. ஒருக்களித்துப் படுக்கும்போது உடன் வந்தவர் பின்னால் நின்று முதுகெலும்பு நேராக உள்ளதா என்று பார்க்கலாம். பருமனானவருக்குச் சற்றுக் கெட்டியும், ஒல்லியானவருக்குச் சற்று மென்மையும் பொருந்தும்.

புதிய மெத்தைக்குப் பணம் இல்லாதவர், தரையில் கோரைப்பாயின் மேல் ஒன்றிரண்டு கனத்த போர்வைகளை மடித்து விரித்தாலே வேறுபாடு தெரியும். மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்கு அடியிலும், ஒருக்களித்துப் படுப்பவர் இரு முழங்கால்களுக்கு இடையிலும் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்பின் இழுவிசை தளரும். இதற்குப் பழைய தலையணையே போதும். குப்புறப் படுப்பதைத் தவிர்ப்பது நல்லது. எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழ வேண்டும். முழங்கால் வலியும் உள்ள முதியவருக்குத் தரையிலிருந்து எழுவதே பெரும்பாடு. அவருக்குத் தொய்வில்லாத பலகைக் கட்டில் ஏற்றது.

ஓய்வின் அளவு

படுக்கை எவ்வளவு நல்லதானாலும் அதிலேயே கிடப்பது மருந்தாகாது. 1986இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இரண்டு நாள் படுக்கை ஓய்வு சொல்லப்பட்டவர்கள் ஏழு நாள் சொல்லப்பட்டவர்களைவிட 45 விழுக்காடு குறைவான வேலைநாள்களையே இழந்தனர். குணமடைவதில் வேறுபாடு இல்லை. இயன்ற அளவு நடமாடுவதே இன்றும் மருத்துவர்கள் கூறும் முறை.

கால் வலுவிழத்தல், தொடைகளுக்கு இடையே மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் பிரியாமல் அடைத்தல் ஆகியவை வலியுடன் சேர்ந்தால் மெத்தையைப் பற்றி யோசிக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழே விழுந்த பின் வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமின்றி உடல் மெலிவதோடு வரும் வலி ஆகியவற்றையும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். இப்பகுதியினருக்கான அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தேனியை அடுத்த க.விலக்கில் உள்ளது.